கண்ணாடி அறைக்கு வெளியில

மற்ற ஆக்களின்ர கூட்டங்களைப் பார்த்து நான் வாயைப் பிளந்த காலம் ஒண்டு இருந்தது. எங்கட ஆக்களின்ர கூட்டம் எப்பிடி நடக்கும் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மெல்பனுக்கு வந்த புதுசில ஒரு சங்கத்தின்ர செயற்குழுவில இருந்தனான். ஆரைப் பற்றிக் குற்றச்சாட்டோ அந்த ஆள்தான் முன் வரிசையில இருந்து எல்லாரையும் விடச் சத்தமாக் கத்துவார். "உங்களைப் பற்றின விசயம், கொஞ்சம் வெளியில நில்லுங்கோ" எண்டால், "நீ போடா வெளியில" எண்டு கதிரையைத் தூக்குவார். ஒருத்தர் எழும்பிப் போனதா நான் காணேல்ல. வடையும் ரீயும் வந்தாத்தான் சத்தம் அடங்கும். சீ, இதென்ன சனம் எண்டு தலையில அடிச்சுக்கொண்டு வீட்ட வந்து என்ர மனுசனிட்டச் சொல்லுவன்: "வெள்ளையளைப் பாருங்கோ, என்ன ஒழுங்கு!"

அப்பிடிச் சொன்ன வாயை இப்ப ஊசி நூல் எடுத்துத் தைக்க வேணும் போல கிடக்குது.

நான் படிப்பிக்கிறது டண்டினொங்கில, ரெயில் ஸ்ரேசனில இருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில, ஒரு சமூகக் கல்லூரியில. பெரிய யூனிவேர்சிற்றி ஒண்டும் இல்லை. புதுசா வந்த சனத்துக்கு இங்கிலீஷ், பிள்ளை பராமரிப்பு, முதியோர் பராமரிப்பு, இப்பிடித்தான். முதியோர் பராமரிப்பில பகல் வகுப்பு எனக்கு, பின்னேர வகுப்பு என்ர சிநேகிதிக்கு. அவ மதுரைப் பக்கம். அங்க நேர்சிங் படிப்பிச்சவ. மனுசன் செத்த பிறகு ஒரே மகளையும் கூட்டிக்கொண்டு இஞ்ச வந்தவ. எங்கட கொலிஜ்தான் அவவை ஸ்பொன்சர் பண்ணினது. தாயும் மகளும் அந்த விசாவிலதான் இருந்தவை. வேலை இருந்தா விசா இருக்கும், வேலை போனா விசாவும் போகும்.

அவவின்ர வகுப்பை நீங்கள் பார்த்திருக்க வேணும். வெயர்ஹவுசில, ஃபக்ரரியில பகல் முழுக்க முறிஞ்சு போட்டு, அந்தப் பளிச்செண்ட மஞ்சள் சட்டையைக் கூடக் கழட்டாமல் வந்து இருக்குங்கள். ஆப்கான், வியற்நாம், எங்கட பெடியள், எல்லாரும்தான். படகில வந்து வருஷக்கணக்கா தற்காலிக விசாவில இழுபடுகிற பெடியளும் அதுக்குள்ள. பாதி வகுப்பு கொட்டாவி விடும். இவ எலுமிச்சம்பழச் சாதத்தைப் பெரிய டப்பாவில கொண்டு வந்து, "முதல்ல சாப்பிடுங்க, அப்புறம் படிக்கலாம்" எண்டுவா. பகலில வேலையை விட்டிட்டு வந்து படிக்க அதுகளால ஏலாது. பின்னேர வகுப்பு இல்லை எண்டால் படிப்பே இல்லை.

கொலிஜுக்கு ஒரு நிர்வாக சபை இருக்கு. வெளி ஆக்கள்தான் கூட. ஊழியர் வோட் போட்டுத் தெரிஞ்செடுக்கிற ஆளுக்கு எண்டு ஒரேயொரு கதிரை. போன முறை தேர்தல் வந்த நேரம், என்னை நிக்கச் சொல்லி ஒற்றைக்காலில நிண்டவ இவதான்.

"அக்கா, நீங்க நில்லுங்க. உங்க வாய்க்கு அவங்களால பதில் சொல்ல முடியாது."

"விசர்க்கதை கதையாதேங்கோ. எனக்கு உதெல்லாம் சரிவராது."

கேட்டால்தானே! ரிசெப்சனில நிக்கிற பிள்ளை, கிளீனர்மார், கிழமைக்கு ஒரு வகுப்புக்கு வந்து போற ரீச்சர்மார் எண்டு ஒருத்தரையும் விடாமல் போய்க் கதைச்சு எனக்கு வோட் சேர்த்தா. நான் வெண்டன். அடுத்த நாள் ஸ்ராஃப் ரூமுக்குக் கேசரி கிண்டிக் கொண்டு வந்தா. "உள்ள என்ன நடக்குதுன்னு எங்களுக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. நீங்க வந்து சொன்னா போதும்கா" எண்டா. "அதுக்குத்தானே போறன்" எண்டு நானும் பெரிய ஆள் மாதிரிச் சொன்னன்.

முதல் கூட்டத்திலயே அதுக்கு ஆப்பு வைச்சவை. சபைத் தலைவி ஒரு வயது போன மனுசி. மெல்லிய குரல். அந்தக் குரல் உயர்ந்து நான் இண்டை வரைக்கும் கேக்கேல்ல. சிரிச்சுக்கொண்டு சொல்லுறா, நான் ஊழியரின்ர பிரதிநிதி இல்லையாம், ஊழியர் தெரிஞ்செடுத்த சபை உறுப்பினராம். என்ர கடமை கொலிஜுக்குத்தானாம், எனக்கு வோட் போட்ட ஆக்களுக்கு இல்லையாம். அந்த அறைக்குள்ள கேட்டது அந்த அறைக்குள்ளயே நிக்க வேணுமாம். இன்னொரு விதியும் சொன்னா. கதைக்கப்போற விசயத்தில உங்களுக்கோ உங்களுக்கு நெருங்கின ஆக்களுக்கோ தொடர்பு இருந்தால், அதை நீங்களாச் சொல்லிப்போட்டு வெளியில போய் நிக்க வேணும்.

முதல் சொன்னது எனக்குப் பிடிக்கேல்ல. ஆனால் ரெண்டாவது விதி இருக்கே, அதைக் கேட்டு நான் உருகிப் போனன். வீட்ட வந்து மனுசனிட்டச் சொன்னன்: "கேட்டியளோ, தங்கட விசயம் வந்தால் தாங்களாவே எழும்பிப் போவினமாம். எங்கட சங்கத்தில இது நடக்குமோ?" மனுசன் ரீவியில இருந்து கண்ணை எடுக்காமல், "எழும்பிப் போறவை போவினம்" எண்டு மட்டும் சொன்னார். அந்தாளுக்கு எல்லாத்திலயும் ஒரு நக்கல்.

போன வருஷம் நடுவில சிநேகிதிக்கு வேறொரு கல்லூரியில இருந்து வேலை ஒண்டு வந்தது. ஷெப்பர்ட்டனில. காரில ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல வடக்கால போக வேணும். அவையும் ஸ்பொன்சர் பண்ணத் தயார், ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் வேணும். மகள் அப்ப பதினோராம் வகுப்பு. கெட்டிக்காரி. இஞ்ச நல்ல பள்ளிக்கூடத்தில சோதினை எழுதி இடம் எடுத்தவள். அடுத்த வருஷம் கடைசிச் சோதினை. ஷெப்பர்ட்டன் எண்ட சொல்லைக் கேட்டவுடன அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தாளாம்.

"அக்கா, எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும்" எண்டு சிநேகிதி வந்தா. "ஈவினிங் கிளாஸ மூடப் போறாங்கன்னு பேச்சு அடிபடுதே, அது இருக்குமா, இருக்காதா? இருக்கும்னா இங்கயே இருந்துருவேன். இல்லைன்னா அவ என்ன அழுதாலும் இழுத்துட்டுப் போயிருவேன். இதையும் விட்டுட்டு வேற ஸ்பான்சருக்கு நான் எங்கக்கா போவேன்?"

"புதன்கிழமை மீற்றிங் இருக்கு. அது முடியட்டும், பொறுங்கோ" எண்டன்.

விசா எண்டால் என்னெண்டு எனக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. என்ர தம்பி படகில வந்து வில்லாவுட் தடுப்பு முகாமில கிடந்தவன். அவன்ர குரலை ரெலிபோனில கேட்டுக் கேட்டே எனக்கு மயிர் நரைச்சது. அதால நான் மனசுக்குள்ள முடிவெடுத்திட்டன். வகுப்பை மூடப்போறம் எண்டு கதை வந்தால் அங்கயே சண்டை பிடிக்கிறது. சண்டையில தோத்தால் நேராப் போய் இவவிட்டச் சொல்லுறது. ரகசியமாம், மண்ணாங்கட்டி.

புதன்கிழமை பின்னேரம் கூட்டம். எங்கட சபை கூடுறது ரெண்டாம் மாடியில, கொரிடோர்ப் பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட ஒரு அறையில. நடுக்கூட்டத்தில கொலிஜ் அதிபர் ஒரு கட்டுப் பேப்பரை எடுத்து மேசையில கவிட்டு வைச்சார். தலைவி சொன்னா, "அடுத்தது பின்னேர வகுப்புகளின்ர எதிர்காலம். இதில ஆருக்கும் தனிப்பட்ட தொடர்பு இருக்கோ?"

நான் கையைத் தூக்கினன். தூக்கினது மட்டுமில்லை, சண்டை பிடிக்க வந்ததையும் மறந்து பெருமையோட தூக்கினன். "அந்த வகுப்பின்ர ரீச்சர் என்ர நெருங்கின சிநேகிதி" எண்டன்.

"உங்கட நேர்மைக்கு நன்றி" எண்டா தலைவி. "அப்ப இந்த விசயம் முடியுமட்டும் வெளியில நிக்கிறியளோ?"

எழும்பினன். கதவடிக்கு வந்தாப் பிறகு பின்னால ஒரு குரல் கேட்டது. சபை உறுப்பினர் ஒருத்தர். அந்தாள் ஒன்லைனில வகுப்பு நடத்துற கொம்பனி ஒண்டு வைச்சிருக்கிறார். "என்ர தொடர்பு உங்களுக்கு ஏற்கனவே தெரியும்தானே, முதலே பதிஞ்சு கிடக்கு" எண்டார். "ஓமோம், குறிச்சுக்கொள்ளுறம்" எண்டா தலைவி. அந்தாள் கிளாசில தண்ணி வார்த்துக் குடிச்சுக்கொண்டு அப்பிடியே இருந்தார்.

என்ர கை கதவுப் பிடியில. திரும்பிப் பார்த்தன். ஒருத்தரும் என்னைப் பார்க்கேல்ல. ஏதோ விதி இருக்கும் ஆக்கும் எண்டு நினைச்சன். கதவை மெல்லமா, சத்தம் வராமல் சாத்திப்போட்டு வந்து கொரிடோரில நிண்டன். சத்தம் வராமல் சாத்தினனே, அதைத்தான் இப்பவும் என்னால மன்னிக்க ஏலாமக் கிடக்குது.

கொரிடோரில போட்டோக்கொப்பி மெசினுக்குப் பக்கத்தில நிண்டு உள்ளுக்குப் பார்த்தன். ஒரு சொல்லுக் கேக்காது. அதிபர் எழும்பி நிண்டு கையை ஆட்டி ஆட்டிக் கதைக்கிறார். சுவரில ஒரு படம் விழுகுது, எங்கட பின்னேர வகுப்பறை, வெறுங் கதிரையள். அடுத்த படத்தில ஒரு பெட்டை வீட்டில இருந்து லப்ரொப்பைப் பார்த்துச் சிரிக்கிறாள். பிறகு தலைவி ஏதோ கேட்டா. எல்லாரின்ர கையும் மேல போச்சு. கொம்பனிக்காரரின்ர கையும் போச்சு. அதிபர் பிஸ்கற் ஒண்டை எடுத்துக் கடிச்சார்.

உள்ளுக்குக் கூப்பிட்டவை. "காத்துக்கொண்டு நிண்டதுக்கு நன்றி." மேசையில பேப்பர் ஒண்டும் இல்லை, எல்லாத்தையும் திருப்பி வாங்கியாச்சு.

"என்ன முடிவு?" எண்டு கேட்டன்.

"நீங்கள் தொடர்பு சொன்னபடியால், எல்லாருக்கும் அறிவிக்கும் வரைக்கும் உங்களுக்குச் சொல்ல ஏலாது" எண்டா தலைவி. அதே மெல்லிய குரல், அதே சிரிப்பு.

கோதாரி! ஊழியர் வோட் போட்டு அனுப்பின ஆளுக்கு, ஊழியரின்ர வேலையைப் பற்றின முடிவைச் சொல்ல ஏலாதாம்! ரெயிலில வரேக்க தனியப் புறுபுறுத்துக்கொண்டு வந்தன். பக்கத்தில இருந்த பெடியன் எழும்பி அங்கால போயிட்டான்.

வியாழக்கிழமை கார் பார்க்கில சிநேகிதியை மறிச்சன். "ஷெப்பர்ட்டனுக்கு ஓம் எண்டு சொல்லுங்கோ. இப்பவே சொல்லுங்கோ" எண்டன். நடந்தது முழுக்கச் சொன்னன்.

அவ பொறுமையாக் கேட்டா. பிறகு, "காதால கேட்டீங்களா அக்கா, மூடுறோம்னு?" எண்டா.

"இல்லை. என்னைத்தான் வெளியில விட்டவையே."

"பேப்பர படிச்சீங்களா?"

"இல்லை."

"அப்ப கை தூக்கினத மட்டும் பாத்தீங்க. எதுக்குத் தூக்கினாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? தள்ளி வைக்கலாம்னு கூடத் தூக்கியிருக்கலாம்ல?"

"அந்த லப்ரொப் பெட்டையின்ர படம்..." எண்டு கத்தத் தொடங்கினன்.

"ஒரு படத்த பாத்துட்டு என் பொண்ணோட படிப்ப நான் கலைக்க முடியாதுக்கா. நீங்க உள்ள இருந்து கேட்டுட்டு வந்து சொல்லியிருந்தா இந்த நிமிஷமே பெட்டி கட்டிருவேன்."

அவ சொன்னதில பிழை இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கொதியைக் கூட்டினது.

அவ நேரா அதிபரிட்டப் போனா. போக வேண்டாம், அந்தாள் உண்மை சொல்லாது எண்டு கையைப் பிடிச்சு இழுத்துச் சொன்னன். போனா. திரும்பி வரேக்க முகம் அப்பிடியே மலர்ந்து கிடந்தது. அதிபர் எழும்பி வந்து கதிரை இழுத்து விட்டவராம். "ஒருத்தரின்ர வேலையைப் பற்றியும் ஒரு முடிவும் எடுக்கேல்ல, நீங்கள் இந்தக் கொலிஜின்ர சொத்து" எண்டவராம்.

"பொய் சொல்ற முகமாக்கா அது?"

"பொய் சொல்லிப் பழகின முகம் அது" எண்டன்.

"நீங்க யாரையுமே நம்ப மாட்டீங்க. பட்ட கஷ்டம் உங்கள அப்படி ஆக்கிருச்சு" எண்டா. நான் போய் வகுப்புக் கதவைத் திறந்தன். வெள்ளிக்கிழமை அவ ஷெப்பர்ட்டனுக்கு, மன்னிக்க வேணும், வர ஏலாது எண்டு சொல்லிப்போட்டா. பின்னேரம் எனக்கு மெசேஜ் அனுப்பினவ, மகள் ரெண்டு நாளைக்குப் பிறகு சிரிச்சுச் சாப்பிட்டாளாம்.

கொஞ்சக் கிழமையால எல்லா ஊழியரையும் பெரிய அறைக்கு வரச் சொன்னவை. வாசலில சான்விச் தட்டுகள் அடுக்கிக் கிடந்தது. இந்த நாட்டில கொலிஜ் காசில சான்விச் தந்தால் ஆரின்ரயோ வேலை போகப்போகுது எண்டு அர்த்தம். அதிபர் மைக்கைப் பிடிச்சார். பின்னேர வகுப்புகள் எல்லாம் அடுத்த தவணையில இருந்து ஒன்லைனுக்குப் போகுதாம். வெளிக் கொம்பனி ஒண்டு நடத்துமாம். ஆரின்ர கொம்பனி எண்டு நான் சொல்லவும் வேணுமோ? அதையெல்லாம் சொல்லிப்போட்டு, குரலை இறக்கி ஒரு கதை சொன்னார். "இது மேல இருந்து திணிச்ச முடிவு இல்லை. நீங்கள் தெரிஞ்செடுத்த உறுப்பினரும் இருக்கிற சபை, ஒருத்தர் கூட எதிர்க்காமல் எடுத்த முடிவு."

அறை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. ரிசெப்சன் பிள்ளை பார்த்தாள். கிளீனர் மனுசி பார்த்தா. நான் அண்டைக்கு எதுக்காக எழும்பிப் போனனோ, அந்த எழும்பிப் போனதையே எடுத்து எனக்குச் சம்மதம் எண்டு ஆக்கிப்போட்டார் படுபாவி. என்னை உள்ள வைச்சுக் கேட்டிருந்தால் ஒரு கையாவது கீழ கிடந்திருக்கும். கை தூக்காமல் இருக்கக்கூடிய ஒரே ஆளை வெளியில அனுப்பிப்போட்டு, ஒருத்தரும் எதிர்க்கேல்லையாம்!

எனக்கு இங்கிலீஷ் கோவத்தில வராது. அண்டைக்கு வந்தது. எழும்பி நிண்டு சொன்னன், "நான் அந்த அறைக்குள்ள இருக்கேல்ல. என்னைக் கொரிடோரில நிப்பாட்டிப்போட்டுத்தான் நீங்கள் கை தூக்கினியள். கொம்பனிக்காரரைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு தூக்கினியள்."

முன் வரிசையில இருந்த தலைவி திரும்பினா. "அது சபையின்ர ரகசியம். தயவுசெய்து இருங்கோ."

"எது ரகசியம்? நான் கொரிடோரில நிண்டதோ? உங்கட கண்ணாடிக்குத் திரை போடாதது என்ர பிழையோ?"

பின்னால ஆரோ சிரிச்சினம். நான் சிரிக்கேல்ல, இருக்கவுமில்லை. அப்பதான் சிநேகிதி எழும்பினா. அவ சத்தம் போட்டுக் கதைச்சு நான் ஒரு நாளும் கேக்கேல்ல, அண்டைக்கும் போடேல்ல. "சார், நான் உங்க ரூமுக்கு வந்து கேட்டேன். முடிவு எடுக்கலைன்னு சொன்னீங்க. அத நம்பி வேற வேலைய வேண்டாம்னு சொன்னேன்" எண்டு இங்கிலீஷில, ஒவ்வொரு சொல்லா வைச்சுச் சொன்னா. அதிபர் கழுத்துப் பட்டியைத் தடவினார். அறிவிக்காத வரைக்கும் அது முடிவு எண்டு கணக்கில்லை, அப்பிடி ஏதோ சொன்னார். சான்விச் எடுக்கச் சொன்னார்.

பிறகு நடந்ததுக்குக் குறைவில்லை. என்னைக் கட்டிப்பிடிச்சவை கனபேர். ஊழியர் எல்லாரும் சேர்ந்து கண்டனம் எழுதிக் குடுத்தவை. சபையை விட்டு நானா விலகினால் நல்லது எண்டு தலைவி அழகான வசனத்தில கேட்டா. என்னை அனுப்பினவை கேட்டால் போறன், நீங்கள் கேட்டுப் போக மாட்டன் எண்டு பதில் போட்டன். இண்டை வரைக்கும் அந்தக் கதிரையிலதான் இருக்கிறன். என்னைக் காணுற நேரமெல்லாம் அவைக்கு முகம் சுருங்குது. அதில எனக்கு ஒரு திருப்தி, மறைக்கிறதுக்கு என்ன இருக்கு.

ஆனால் வகுப்பு போனது போனதுதான். மஞ்சள் சட்டைப் பெடியள் ஒருத்தரையும் இப்ப அந்தப் பக்கம் காணேல்ல. சிநேகிதி ஷெப்பர்ட்டனுக்குப் போன் எடுத்தா, அந்த இடத்துக்கு வேற ஆள் வந்தாச்சு. அவ கேக்காத கல்லூரி இல்லை, தட்டாத கதவில்லை. நல்ல அனுபவம் எண்டுவினம், ஸ்பொன்சர் எண்டவுடன நழுவுவினம். விசாக்காரர் குடுத்த அவகாசம் முடிஞ்சுது. மதுரைக்கு ரிக்கெற் போட்டா. மகளின்ர பன்ரெண்டாம் வகுப்பு அப்பதான் தொடங்கியிருந்தது.

சாமான் கட்ட உதவிக்கு அவையின்ர சின்ன யூனிற் வீட்டுக்குப் போனன். கட்டிக்கொண்டே வாய் ஓயாமல் திட்டினன். தலைவியைத் திட்டினன், அதிபரைத் திட்டினன், கொம்பனிக்காரனுக்கு நல்ல சாவு வராது எண்டன். சிநேகிதி, "விடுங்கக்கா, போதும்" எண்டு சொல்லிப்போட்டு, ரைஸ் குக்கரைக் கீழ்வீட்டுக்குக் குடுக்க இறங்கிப் போனா. நானும் மகளும் மட்டும். ஊழியர் கூட்டம் நடந்த நாளில இருந்து அவள் என்னோட சரியாக் கதைச்சது இல்லை. நிலத்தில இருந்து புத்தகங்களைப் பெட்டிக்குள்ள அடுக்கிக்கொண்டிருந்தவள், நிமிராமல் கேட்டாள்.

"ஆன்ட்டி, வை டிட் யூ லீவ் த ரூம்?"

நான் விதியைச் சொன்னன். தொடர்பு இருந்தால் சொல்ல வேணும், சொன்னால் வெளியில போக வேணும் எண்டு முழுக்க விளங்கப்படுத்தினன். அவள் கவனமாக் கேட்டாள்.

"பட் தட் மேன் ஸ்டேய்ட்."

"ஓம். அவர் இருந்தவர்."

"அப்ப நீங்க ஏன் போனீங்க?"

குரலில கோவம் இல்லை. கணக்கில ஒரு சந்தேகம் கேக்கிற மாதிரித்தான் கேட்டாள். கோவிச்சிருந்தால் நானும் கோவிச்சிருப்பன், அது எனக்கு லேசு. நேர்மை எண்டு சொல்ல வாய் எடுத்தன், வரேல்ல. ஒழுங்கு எண்டு சொல்லப் பார்த்தன், அந்தப் பிள்ளையின்ர முகத்தைப் பார்த்து அதுவும் வரேல்ல.

"போகச் சொன்னவை, போனனான்" எண்டன்.

அவள் என்னை ஒருக்கா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு செலோரேப்பை இழுத்துப் பெட்டியை ஒட்டத் தொடங்கினாள்.